புதுப்பிப்பு: ஏரிகளின் முப்பரிமாணத் தூண்கள் தயார்

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் கொள்ளளவை எங்கள் குடியிருப்பு அறிவிப்புப் பலகைக்கு முப்பரிமாணத் தூண்களாக இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் வரைவது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, வேலை முடிந்தது.

சிலர் அந்த மென்பொருளிலேயே உள்ள 3டி எஃபெக்டைச் சொன்னீர்கள். நான் ஐசோமெட்ரிக் முறைக்கே (தட்டையான வடிவங்களைச் சாய்த்து முப்பரிமாணமாகக் காட்டுவது) போனேன். செவ்வகத்தை உயரவாக்கில் 86.602 சதவீதமாகச் சுருக்கி, ஷியர் (சாய்த்தல்) 30 டிகிரி, ரொட்டேட் (சுழற்றுதல்) 30 டிகிரி கொடுத்தால் தூணின் வலப்பக்கம். இரண்டுக்கும் மைனஸ் 30 கொடுத்தால் இடப்பக்கம். மேல்பரப்புக்கு ஷியர் 30, ரொட்டேட் மைனஸ் 30. 86.602 சதவீதம் என்பது காஸ் 30-இன் (30 டிகிரியின் கொசைன்) மதிப்பு. அதனால் சாய்த்த பிறகும் தூணின் உயரம் துளியும் மாறாது. தரவுப் படத்துக்கு இதுதானே முக்கியம்!

50 மில்லியன் கன அடிக்கு 1 மி.மீ. என்று வைத்தேன். செம்பரம்பாக்கம் (3645) 72.9 மி.மீ., புழல் (3300) 66, சோழவரம் (1081) 21.6. அடிப்பரப்பு எல்லாத் தூணுக்கும் ஒன்றே. அகலத்தையும் சேர்த்துப் பெருக்கினால் பெரிய ஏரி பூதாகரமாகத் தெரியும், அது பார்ப்பவரை ஏமாற்றுவது.

நிறம் ஒரே நீலம்தான்: மேலே வெளிர், இடப்பக்கம் நடுத்தரம், வலப்பக்கம் அடர்த்தி. அப்புறம், ஏரிப் பெயர்களைச் சாய்க்கவில்லை. ‘ழ’வும் ‘ற’வும் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். பூண்டியை இன்று சேர்க்கிறேன்.