‘பரிசீலிக்க’ என்ற ஒரு சொல்

பெரியப்பா: வட அயர்லாந்தின் டெரி நகர மருத்துவமனையில் இருக்கும் உன்னிடம்தான் கேட்க வேண்டும் அம்மா. வட அயர்லாந்தின் நீண்ட மோதலை முடித்துவைக்க 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி உடன்படிக்கையை மீண்டும் படித்தேன். பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்து, தனி நாடான அயர்லாந்துக் குடியரசு ஆகிய இரு பக்க அமைச்சர்களும் கூடும் வடக்கு–தெற்கு அமைச்சர் குழுவை அது கட்டாயமாக்கியது. அக்குழு 1999 டிசம்பரில் ஆர்மாவில் கூடியும்விட்டது. ஆனால் பெல்ஃபாஸ்ட் சட்டமன்றமும் டப்ளின் நாடாளுமன்றமும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்களை அனுப்பிப் பேசும் கூட்டு மன்றம் என்று வரும்போது, அதை உருவாக்குவது பற்றி இரு அவைகளும் பரிசீலிக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு சொல்தான் எல்லாத் தாமதத்துக்கும் இடம் கொடுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா: உண்மைதான் பெரியப்பா. 2002 அக்டோபரிலிருந்து 2007 மே வரை பெல்ஃபாஸ்ட் சட்டமன்றமே முடங்கிக் கிடந்ததால், பரிசீலிக்க ஆளே இல்லாமல் போயிற்று. 2006இல் அந்தச் சட்டமன்றத்தை மீட்க வந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் உடன்படிக்கை இந்தப் பேச்சை மறுபடி எடுத்தது. கடைசியில் 2012 அக்டோபர் 12 அன்று, பக்கத்துக்கு 24 உறுப்பினர்களுடன், இரு அவைகளின் தலைவர்களும் சேர்ந்து தலைமை தாங்க, பெல்ஃபாஸ்ட் சட்டமன்றம் இருக்கும் ஸ்டார்மண்டில் கூட்டு மன்றத்தின் முதல் கூட்டம் நடந்தது.

நான்: சட்டம் இயற்றும் அதிகாரம் எதுவும் இல்லாத, உட்கார்ந்து பேசுவதற்கு மட்டுமான ஒரு அவைக்கு 14 ஆண்டுகளா, பெரியப்பா?

பெரியப்பா: 14 என்று எண்ணாதே தம்பி, 92 என்று எண்ணு. அயர்லாந்தை வடக்கு, தெற்கு என்று பிரித்த 1920ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்திலேயே, இரு நாடாளுமன்றங்களிலிருந்தும் தலா 20 பேர் கொண்ட அயர்லாந்துக் குழு ஒன்று எழுதப்பட்டிருந்தது. அது ஒருநாளும் கூடவில்லை. 1973 டிசம்பரில் பிரிட்டிஷ், அயர்லாந்து அரசுகளும் வடக்கின் கட்சிகளும் செய்த சன்னிங்டேல் உடன்படிக்கை, தலா 30 பேராக 60 பேர் கொண்ட ஆலோசனை அவையை முன்வைத்தது. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் ஒன்றியவாதிகளோ, ஒன்றுபட்ட அயர்லாந்தின் நாடாளுமன்றத்துக்கு இதுவே கால்கோள் என்று அஞ்சினார்கள். 1974 பிப்ரவரி பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் வடக்கின் 12 தொகுதிகளில் 11ஐ அந்த உடன்படிக்கையை எதிர்த்தவர்கள் வென்றார்கள். மே மாதம் ஒன்றியவாதத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் மின்சாரம் குறைந்து, இரு சமூகத்தாரும் பங்கேற்ற பெல்ஃபாஸ்ட் கூட்டு நிர்வாகமே இரண்டு வாரத்தில் கவிழ்ந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் 1998இல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே அவர்கள் மெல்ல நடந்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா: அந்த அச்சம் எனக்கும் புரிகிறது, இங்கே அதை இன்னும் வீடுகளில் பேசுகிறார்கள். ஆனால் தாமதத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை வார்டில் தினமும் பார்க்கிறேன். எல்லைக்கு அப்பால் உள்ள டோனிகலிலிருந்து கதிர்வீச்சு சிகிச்சைக்கு இந்த ஊருக்குத்தான் வருகிறார்கள். முன்பு கால்வேக்கோ டப்ளினுக்கோ பல மணி நேரம் போக வேண்டியிருந்தது. பெல்ஃபாஸ்ட் குழந்தைகளுக்கோ இதய அறுவைச் சிகிச்சை டப்ளினில் நடக்கிறது. வரும் வழியில் சோதனைச் சாவடி கிடையாது. சாலையோரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாகும், வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும். எல்லை என்பது அவ்வளவுதான்.

அத்தை: அப்படியானால் 2012க்குப் பிறகு அந்த அவை ஒழுங்காகக் கூடி வருகிறதா, கண்ணு?

அக்கா: இல்லை அத்தை. ஆண்டுக்கு இரண்டு முறை கூட வேண்டும் என்பதே ஏற்பாடு. 2017 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் நிர்வாகம் கவிழ்ந்து மூன்று ஆண்டுகள் போயின. 2022இல் மறுபடி முடங்கி 2024 பிப்ரவரியில்தான் மீண்டது. ஒரு பக்க அவையே இல்லாதபோது கூட்டு அவை எப்படிக் கூடும்?

பெரியப்பா: அங்கேதான் எனக்கு வருத்தம். தொடங்கத் தயங்கியதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் தொடங்கிய பிறகு ஒரு பக்கம் நின்றால் முழுவதும் நிற்கும்படி அமைத்ததை ஏற்க முடியவில்லை. இரு அவைச் செயலகங்களின் அலுவலர் பணியாவது இடைவெளியில்லாமல் நடக்கும்படி செய்திருக்கலாம்.

நான்: பொதுமக்களுக்கு இது ஒரு குறையாகத் தெரிகிறதா, அக்கா?

அக்கா: போன வாரம் டோனிகலின் லெட்டர்கென்னிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மூதாட்டி, சிகிச்சை முடிந்து மாலையில் ஊர் திரும்பப் பேருந்து இல்லை என்று யாரிடம் முறையிடுவது எனக் கேட்டார். அவர் வாக்களிப்பது டப்ளின் நாடாளுமன்றத்துக்கு. மருத்துவமனை பதில் சொல்ல வேண்டியது பெல்ஃபாஸ்ட் சட்டமன்றத்துக்கு. நான் காகிதம் கொடுத்தேன். ஒரே கடிதத்தை அவர் இரண்டு படிகளாகத் தம் கையாலேயே எழுதி, இரண்டு உறைகளில் போட்டு, ஒன்றுக்கு யூரோ தபால்தலையும் மற்றதற்கு பவுண்டு தபால்தலையும் வாங்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.