இரண்டே நாளில் மலையோர நகரம்: பினாங்கா, ஈப்போவா?

செந்தூல் தோழி:

அன்பர்களுக்கு வணக்கம். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாண்டுகள் என் பக்கத்தில் அமர்ந்து படித்த தோழி இப்போது ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறாள். இம்மாத இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கோலாலம்பூர் வருகிறாள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பண்டார் தாசிக் செலாத்தானில் பேருந்து ஏறியாக வேண்டும். இடைப்பட்ட சனியும் ஞாயிறும் எங்களுடையவை. நல்ல சாப்பாடும் பழைய வீதிகளும் உள்ள நகரமாக இருக்க வேண்டும், ஆனால் தெருவில் நின்று நிமிர்ந்தால் மலை தெரிய வேண்டும் என்பதே அவளுடைய விருப்பம்.

சென்ற ஆண்டு கேமரன் மலைக்குப் போய், சனிக்கிழமைப் பிற்பகலைப் பிரிஞ்சாங் சாலையில் நகராத வாகன வரிசையிலேயே கழித்தோம். ஆகவே கேமரன் வேண்டாம். காரும் வேண்டாம், ஏனென்றால் சாலையைக் கவனிக்க வேண்டிய ஒருத்தியால் மனம்விட்டுப் பேச முடிவதில்லை. அவளுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஓராண்டாகிறது. சமதரையில் நன்றாக நடப்பாள். படிகள் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நான் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் என்கிறேன், அவள் ஈப்போ என்கிறாள். இரு பக்கத்து நியாயங்களையும் கேட்டு முடிவு செய்ய விரும்புகிறேன்.

தண்ணீர்மலை அடிவாரம்:

சகோதரி, முழங்காலைப் பற்றி நீங்கள் எழுதிய வரியே உங்கள் கேள்விக்கு விடையாக இருக்கிறது. ஒரு படிகூட ஏறாமல் மலையுச்சியில் கொண்டுபோய் விடும் ரயில் உள்ள நகரம் பினாங்குதான். கொடிமலை ரயில் 1923 முதல் ஓடுகிறது. முன்பு நடுநிலையத்தில் இறங்கி வண்டி மாறி, அரைமணி நேரம் ஊர்ந்து ஏறுவோம். 2011க்குப் பிறகு அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே வண்டி, பத்து நிமிடத்திற்குள் மேலே போய்விடலாம். மேலே இறங்கியதும் காற்றின் குளுமை மாறியிருப்பதை உடலே உணரும். அங்கே அருளொளித் திருமுருகன் ஆலயம் இருக்கிறது. பக்கத்திலேயே பள்ளிவாசலும் இருக்கிறது. காட்டோரமாகச் செல்லும் தார்ச்சாலையில் மெல்ல நடக்கலாம். பொழுது சாயும்வரை இருந்தால், கீழே ஜார்ஜ்டவுனும் நீரிணையும் 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலமும் விளக்கேற்றிக்கொள்வதைப் பார்க்கலாம்.

போக்குவரத்தும் கடினமில்லை. கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். என்னும் மின்சார ரயிலில் பட்டர்வொர்த் சுமார் நான்கு மணி நேரம்; நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். படகு தீவை நெருங்கும்போது, நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் மலைத்தொடர் எழுந்து நிற்பதை முதன்முறையாகப் பார்க்கும் அந்த நிமிடத்தை உங்கள் தோழிக்குக் கொடுங்கள். கரையில் இறங்கினால் 204ஆம் எண் பேருந்து கொடிமலை அடிவாரம்வரை போகிறது. மகாமாரியம்மன் கோயில் தெருவையும் சூலியா வீதியையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற நகரமும், 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலையும் ஒரே பேருந்துத் தடத்தின் இரு முனைகளில் இருப்பதை வேறெங்கே காண்பீர்கள்?

கிந்தா ஆற்றங்கரை:

நான் ஈப்போ புந்தோங்கில் பிறந்தவன். இருபது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் வசிக்கிறேன். பினாங்கின் பெருமையை நான் மறுக்கவில்லை. நண்பர் போட்ட நேரக் கணக்கைத்தான் மறுக்கிறேன். ரயிலில் நான்கு மணி, படகுக்குக் காத்திருந்து கடக்கும் நேரம், பின்பு ஆயர் ஈத்தாம் நெரிசலில் பேருந்து, அதன் பிறகு சனிக்கிழமையில் மலைரயிலுக்கான வரிசை என்று எல்லாவற்றையும் கூட்டினால், காலையில் செந்தூலை விட்டவர்கள் மலையுச்சியில் கால் வைக்கும்போது பிற்பகல் பாதி கழிந்திருக்கும். ஞாயிறன்று இரவு ஒன்பது மணிப் பேருந்தைப் பிடிக்க, நண்பகலைத் தாண்டியதுமே தீவைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஈப்போவுக்கு அதே ரயிலில் இரண்டரை மணி நேரம் போதும்.

ஈப்போவில் மலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1917இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெள்ளை ரயில் நிலையத்தை ஊரார் தாஜ்மகால் என்றே அழைப்பார்கள். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்தையும் ஜாமெக் பள்ளிவாசலையும் வரைந்த ஹப்பேக்தான் இதையும் வரைந்தார். அங்கிருந்து ஊருக்குள் நடக்க நடக்க, தெருக்கள் முடியும் இடங்களில் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக நிற்பதைக் காண்பீர்கள். மழைநீரில் கலந்திருக்கும் மெல்லிய அமிலம் அந்தக் கல்லைக் காலங்காலமாகக் கரைத்துக் குடைந்ததால்தான் கிந்தாப் பள்ளத்தாக்கு முழுவதும் குகைகளாக இருக்கிறது, குகைகள் இருந்ததால்தான் அவற்றுக்குள் கோயில்கள் வந்தன. குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் தைப்பூசத்தன்று ஊரே கூடும்.

முழங்காலுக்கும் வழி இருக்கிறது. குனோங் ராப்பாட் பக்கத்துக் கெக் லோக் தோங் குகை மலையை ஊடுருவிச் செல்கிறது. ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால், சுற்றிலும் மலைகள் நிற்க நடுவே குளங்களும் நடைபாதையும் கொண்ட தோட்டம். அங்கே தரை சமமானது. இரண்டு தோழிகள் ஒரு காலைப்பொழுதைப் பேசிக் கழிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பேராக் தோங் குகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அங்கே உள்ளே உள்ள நீண்ட படிக்கட்டில் ஏறினால்தான் மலைமேல் காட்சி கிடைக்கும்.

தண்ணீர்மலை அடிவாரம்:

கிந்தா நண்பரே, நான்கு மணி நேரத்தை நீங்கள் செலவுப் பக்கத்தில் எழுதுகிறீர்கள்; நான் வரவுப் பக்கத்தில் எழுதுகிறேன். சகோதரி காரை வேண்டாம் என்றதே பேசிக்கொண்டு போவதற்காகத்தான். தாப்பாவுக்கு வடக்கே மலைகள் ரயிலுக்கு அருகில் வரத் தொடங்கும். தைப்பிங்கைத் தாண்டியதும் புக்கிட் மேராவில் தண்டவாளம் ஏரியின் நடுவே போகும். அந்தக் காட்சிக்காகவே அந்த ரயிலில் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். ஈப்போவிலேயே இறங்கிவிடுபவர் அதை இழக்கிறார்.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஈப்போவில் மலையைப் பார்க்கலாம், குடையப்பட்ட மலைக்குள்ளும் போகலாம், மலைமேல் இருக்க முடியுமா? மேலிருந்து ஊரைப் பார்க்கும் அனுபவம் படியேற முடியாதவருக்கு அங்கே எப்படிக் கிடைக்கும்? மேலும், 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் பாறை சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டதை நம் பெற்றோர் மறக்கவில்லை. மழைக்காலத்தில் அந்தச் செங்குத்துப் பாறைகளின் அடியில் நடக்கச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

கிந்தா ஆற்றங்கரை:

அந்தத் துயரத்தை நீங்கள் நினைவூட்டியதில் எனக்குக் கோபமில்லை. என் தாயார் அதைச் சொல்லும்போது இன்றும் குரல் தாழ்ந்துவிடும். நீர் கரைத்துக்கொண்டே இருக்கும் கல்லில் பாறை சரிவது இயல்பு என்பதும் உண்மை. அதனால்தான் நான் குறிப்பிட்டது நாள்தோறும் மக்கள் வந்துபோகும் குகைக் கோயிலை. ஆளில்லாத பாறையடிகளை அல்ல. கனமழை பெய்தால் அன்று அங்கேயும் போக வேண்டாம். ஆனால் மழை பினாங்கையும் விட்டுவைப்பதில்லை. 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் கொடிமலையிலும் மண் சரிந்தது.

மலைமேல் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்பதே என் நேர்மையான பதில். அந்த அனுபவம் வேண்டுமானால் பினாங்குக்கே போக வேண்டும். ஆனால் சகோதரியின் தோழி கேட்டது மலைமேல் நிற்பதை அல்ல; தெருவில் நின்று மலையைப் பார்ப்பதை.

என்னை வருத்தும் வேறொரு காரணமும் உண்டு. ஈப்போவைச் சுற்றியுள்ள மலைகள் பலவற்றைக் கற்சுரங்கங்கள் வெட்டித் தின்றுகொண்டிருக்கின்றன; பச்சை மலையின் ஒரு பக்கம் மட்டும் எலும்புபோல் வெளுத்து நிற்பதை ரயிலிலிருந்தே பார்க்கலாம். குனோங் கந்தானில் மட்டுமே வாழும் சிலந்தி இனம் ஒன்று உண்டு. அந்த மலையிலும் சிமெண்டுக்காகக் கல் வெட்டப்படுகிறது. சிறுவயதில் நான் பார்த்த மலைகளில் சில இன்று முழுமையாக இல்லை. இருக்கும்போதே வந்து பாருங்கள் என்று நான் கேட்பது ஊர்ப்பற்றினால் மட்டுமல்ல.

தைப்பிங் மழைமரம்:

நீங்கள் இருவரும் எங்கள் ஊரைக் கடந்தே போய்க்கொண்டிருக்கிறீர்கள். பழைய ஈயச்சுரங்கக் குளங்களைச் சுற்றி 1880இல் உருவான ஏரிப்பூங்காவில், மழைமரங்கள் சாலையைத் தாண்டிக் கைநீட்டி நீரைத் தொடுகின்றன; ஏரிக்குப் பின்னாலேயே புக்கிட் லாருட் நிற்கிறது. முழுவதும் சமதரை. இ.டி.எஸ். இங்கேயும் நிற்கிறது. மலைமேல் போக நினைத்தால் மட்டும், மண்சரிவுகளால் தடைப்பட்ட ஜீப் சேவை நடக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். குடையை மறந்துவிடாதீர்கள், தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களுள் ஒன்று இது.

கோம்பாக் நடையன்:

தலைநகரை ஒட்டியே பத்துமலையும் கோம்பாக்கின் படிகக்கல் தொடரும் தித்திவங்சா மலைகளும் கண்ணெதிரே இருக்கும்போது, இரண்டு நாளுக்காக ஏன் ஊர்விட்டு ஊர் போக வேண்டும்? கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் நிழற்சாலைகள் முழங்காலுக்கும் ஏற்றவை. மிச்சமாகும் பணத்தில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடலாம்.

செந்தூல் தோழி:

கோம்பாக் ஐயாவின் கருத்து நியாயமானதே. ஆனால் நான் வீட்டிலிருந்தால் வீட்டு வேலை என்னை விடாது. என் வீட்டிலேயே தங்கியபோதெல்லாம் அவளும் என்னோடு அடுப்படியில்தான் நின்றிருக்கிறாள். ஊரைவிட்டுப் போனால்தான் இருவரும் சேர்ந்து உட்கார முடிகிறது. கிந்தா அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: கெல்லி கோட்டையையும் அதே இரண்டு நாளில் பார்க்க முடியுமா?

கிந்தா ஆற்றங்கரை:

பார்க்கலாம், ஆனால் பத்து காஜாவுக்குப் போய்வர வாடகைக் காரைத்தான் நம்ப வேண்டும்; ஈப்போவின் பெரிய குறையும் அதுதான், ஊருக்குள் பேருந்து வசதி போதாது. வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்ததால் பாதியில் நின்ற மாளிகை அது. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அதைக் கட்டினார்கள். அவர்களுக்காக எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயில் அருகில் இன்றும் இருக்கிறது. மாளிகையைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோயிலுக்குப் போவதில்லை, தமிழர்களாவது போக வேண்டும். ஆனால் மாளிகைக்குள் படிகள் அதிகம். இந்தமுறை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் புந்தோங் போய்க் கச்சாங் பூத்தே வாங்குங்கள். முறுக்கும் கடலையும் அங்கே பொரித்துக் கொடுக்கும் சூட்டில் கிடைக்கும்.

தண்ணீர்மலை அடிவாரம்:

ஞாயிறு இரவு ஒன்பது மணி என்ற கட்டுப்பாடு இல்லாதிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கிந்தா நண்பர் சொல்வதை ஏற்கிறேன். மலைமேல் நிற்காத பயணத்தை மலைப்பயணம் என்று சொல்ல இன்னும் என் மனம் ஒப்பவில்லை. ஈப்போவுக்கே போவதானால், வார இறுதியில் திரும்பும் ரயிலில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டை முதலில் வாங்குங்கள். போகும் சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செந்தூல் தோழி:

ஐயா சொன்னபடியே திரும்பும் சீட்டை முதலில் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை காலை ரயில் ஏறி, ஈப்போவில் பசியாறிவிட்டு, பழைய ஊரில் வெயில் ஏறும்வரை நடக்கப் போகிறோம். மாலையில் கல்லுமலை, மறுநாள் காலையில் கெக் லோக் தோங் தோட்டம். மழை பெய்தால் தோட்டத்தை விட்டுவிட்டு, மலை தெரியும் காப்பிக்கடை ஒன்றில் உட்கார்ந்துவிடுவோம். கொடிமலையைப் பற்றிய உங்கள் பதிவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பட்டர்வொர்த் படகைப் பற்றிய வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். அடுத்த பள்ளி விடுமுறையில் திங்கட்கிழமையையும் சேர்த்து விடுப்பு எடுக்க முடியுமா என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள்.