ஃபேன் சுத்துது, மானிட்டர்ல படம் வரல

உவரி:
அண்ணாச்சிமாரே, டெஸ்க்டாப்பை ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது, மானிட்டர் கறுப்பாவே கெடக்கு. ரெண்டு 4 ஜிபி டிடிஆர்3 ராம் (மெமரி பட்டை), தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல. மானிட்டரையும் கேபிளையும் லேப்டாப்புல மாட்டிப் பார்த்தாச்சு, நல்லா வருது.

பாளை:
உங்க ஊரு உப்புக்காத்துல ராம் காண்டாக்ட்ல படலம் பிடிக்கும். முதல் சந்தேகம் அதுதான். பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை 15 செகண்டு அழுத்திப் பிடிங்க, மிச்ச கரண்டு இறங்கிரும். ராமைக் கழத்தி, தங்க நிறக் காண்டாக்டை வெள்ளை ரப்பரால மெதுவா, ஓரத்தைப் பார்த்துத் தேயுங்க. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போயிரும். ரப்பர் தூளைப் பிரஷ்ஷால தட்டிட்டு, ஒரே ஒரு ராமை மாட்டி ஆன் பண்ணுங்க. கிளிப் ‘டக்’குன்னு விழணும், பாதிப்பேர் தப்பு பண்ணுறது இங்கதான். வரலன்னா அடுத்த ஸ்லாட், பிறகு அடுத்த ராம்.

தென்காசி:
அண்ணாச்சி சொன்னது சரி. கையோட மதர்போர்டுல இருக்குற சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் 5 நிமிஷம் கழத்தி வச்சு மாட்டுங்க, பயாஸ் (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற புரோகிராம்) செட்டிங் பழையபடி ஆயிரும். மீட்டர்ல 2.7 வோல்ட்டுக்குக் கீழ காட்டினா புதுசு போடுங்க.

வள்ளியூர்:
ஃபேன் சுத்துறதால எஸ்எம்பிஎஸ் (கரண்டு குடுக்குற பெட்டி) நல்லாருக்குன்னு நம்பாதீங்க. போர்டுல மாட்டினபடியே அளங்க: மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட். பிராசசர் பக்கத்து 4 பின் பிளக் கழண்டிருந்தாலும் இதே கோளாறுதான். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

உவரி:
ரெண்டாவது ஸ்லாட்டுல படம் வந்துட்டு! முதல் ஸ்லாட்டுல பச்சைக் களிம்பு தெரியுது.

பாளை:
ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ல தொட்டுத் துடைச்சு, நல்லாக் காயவிட்டு மாட்டிப் பாருங்க.