பட்டுப்பாய் தேடுகிறவருக்குத் தேடல் பக்கத்திலேயே அறிவிப்பு காட்டலாமா?

கோரைக்கடை:
வூகாமர்ஸில் (இணையக் கடை நடத்தும் மென்பொருள்) பத்தமடைப் பாய்க் கடை வைத்திருக்கிறேன். மணமக்கள் பெயர் நெய்த பட்டுப்பாய்க்கு எங்களுக்கு ஒரு மாதமாவது வேண்டும். போன ஆவணியில் ஒருவர் கல்யாணத்துக்கு 6 நாள் இருக்கும்போது ஆர்டர் போட்டு, பெயர்களைக் குறிப்பில் எழுதியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஏச்சும் வாங்கினேன். தேடலில் ‘கல்யாணம்’, ‘பட்டு’ என்று வந்தால் மட்டும், முடிவுகளுக்கு மேலே "பெயர் நெய்ய ஒரு மாதம் ஆகும்" என்று காட்ட நினைக்கிறேன். சரிதானா?

பாளை நிரலன்:
வேண்டாம் அண்ணாச்சி. பொருள் பக்கத்தில் எழுதினால் போதும். இன்று இதை வைப்பீர்கள், நாளை கூரியர் அறிவிப்பு, அப்புறம் தீபாவளி அறிவிப்பு. நாலாவதை ஒருத்தரும் படிக்க மாட்டார்.

பேட்டை ரயிலடி:
பொருள் பக்கத்துக்கு யார் போகிறார்கள்? தேடல் முடிவில் படத்துக்குக் கீழேயே ‘கூடையில் சேர்’ பொத்தான் இருக்கிறதே. அந்த 6 நாள்காரரும் அப்படித்தான் வந்திருப்பார்.

கோரைக்கடை:
அதேதான். "படத்தைப் பார்த்தேன், போட்டேன்" என்றார் போனில்.

பாளை நிரலன்:
அப்படியென்றால் கோளாறு பொத்தானில் இருக்கிறது. பட்டுப்பாயை ‘பெயர் இல்லாதது’, ‘பெயர் நெய்தது’ என்று இரண்டு வகையுள்ள பொருளாக மாற்றுங்கள். வகை இருந்தால் பட்டியலில் ‘சேர்’ வராது, ‘தேர்ந்தெடு’ என்றுதான் வரும். உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். நாள் கணக்கை அங்கே சொல்லுங்கள்.

பேட்டை ரயிலடி:
நல்ல யோசனை, அதையும் செய்யட்டும். ஆனால் அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருக்கிறவரை உள்ளே வரை ஏன் அலைக்கழிக்கணும்? வாசலிலேயே சொன்னால் பெயர் இல்லாத பாயை வாங்கிப் போவார். எல்லாருக்கும் காட்டினால்தான் நீர் சொல்லும் தொல்லை. இது கேட்டவருக்கு மட்டும்.

கல்லிடை கணினி:
வாசலா உள்ளேயா என்று சண்டை போடுகிறீர்கள். பட்டுப்பாய் ஒரே ஒரு பொருளாக இருந்தால் தேடல் பக்கமே வராது, தெரியுமா? ஒரே முடிவு கிடைத்தால் வூகாமர்ஸ் நேரே பொருள் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். அதை ஃபில்டர் (அதன் இயல்பை மாற்றும் சிறு நிரல்) போட்டு நிறுத்தலாம். முடிவே இல்லாத தேடலிலும் பட்டியலுக்கு முன்னால் ஓடும் ஹூக் (நம் நிரலை மாட்டிவிடும் இடம்) வேலை செய்யாது; ‘பொருள் இல்லை’ என்பதற்குத் தனி ஹூக் உண்டு. இன்னொன்று, அறிவிப்பை அங்கேயே அச்சிடும் ஃபங்ஷனைப் போடுங்கள். சேர்த்து வைக்கும் ஃபங்ஷனைப் போட்டால் அறிவிப்பு செஷனில் (அவர் வருகைக்கான தற்காலிக நினைவு) தங்கி, வாடிக்கையாளர் கூடைக்குப் போனபிறகு அங்கே வந்து நிற்கும். நான் பட்டிருக்கிறேன்.

பாளை நிரலன்:
ஒரு வரி காட்ட இத்தனை ஓட்டை அடைக்கணும். இதற்குத்தான் வேண்டாம் என்றேன்.

கல்லிடை கணினி:
தமிழில் இன்னும் ஒரு ஓட்டை. ‘பாய்’ என்று சொல் வைத்தால் ‘பாயை’, ‘பாயில்’ என்று தேடுகிறவருக்குப் பொருந்தாது. புள்ளியும் ஒரு குறியாகவே சேமிக்கப்படுகிறது, அது ‘பாயை’யில் இல்லை. ‘பட்டு’ தப்பிக்கும், ‘பட்டுப்பாய்’, ‘பட்டு பாய்’ இரண்டிலும் அகப்படும்.

கோரைக்கடை:
வகை பிரித்துவிட்டேன், அறிவிப்பும் போட்டுவிட்டேன். ‘கல்யாணம்’ என்று தேடினால் வருகிறது. வீட்டில் அம்மா ‘கலியாணம்’ என்று தட்டினாள், வரவில்லை.

பாளை நிரலன்:
பார்த்தீர்களா? நாளைக்கு ‘கண்ணாலம்’ என்று ஒருவர் தேடுவார்.

பேட்டை ரயிலடி:
மெட்ராஸ் பக்கத்துக்காரராக இருப்பார். அவருக்கும் பாய் வேண்டும்தானே? சேருங்கள் அண்ணாச்சி.