தேவனாம்பட்டினம் குடும்பம்: அந்தமான் தூண்டில் பேச்சு

கார்த்தி: செல்வம் மாமா, அந்தமானில் தூண்டில் போட்டு மீன் பிடிக்க ஒரு படகுக்காரர் ஜூன் முதல் வாரத்துக்குப் பாதி விலை சொல்கிறார். உங்களுக்கும் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், சும்மாதானே இருக்கிறீர்கள். வருகிறீர்களா?

சுமதி சித்தி: மீன் பிடிக்கிறவரையே மீன் பிடிக்கக் கூப்பிடுகிறான் பாருங்கள்

செல்வம் மாமா: பாதி விலை ஏன் என்று கேட்டாயா?

கார்த்தி: சீசன் இல்லையாம். ஆனால் இங்கே சில்வர் பீச்சில் கடல் குளம் மாதிரி கிடக்கிறதே மாமா

செல்வம் மாமா: இங்கே கச்சான், அதாவது மேல்காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. கரையோரம் அலை எழும்பாது, வெயில்தான் மண்டையைப் பிளக்கும். அதே காற்று அந்தமானுக்குப் போவதற்குள் வங்கக் கடல் முழுவதையும் தாண்டுகிறது. போகப் போக அலை ஏறும்

செல்வம் மாமா: தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு ஜூன் 1 என்பார்கள். அந்தமானுக்கு மே மூன்றாம் வாரத்தை ஒட்டியே வந்துவிடும். நீ போகும்போது மழை நடுவில் நிற்பாய்

கார்த்தி: பாரன் தீவு வரை கூட்டிப்போவதாகச் சொன்னார்

செல்வம் மாமா: எரிமலைத் தீவா? போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே 135 கிலோமீட்டராவது இருக்கும், எல்லாம் திறந்த கடல். ஜூனில் அங்கே கூட்டிப்போகிறேன் என்பவர் படகில் நான் ஏற மாட்டேன்

பிரியா: போர்ட் பிளேர் இல்லை மாமா, 2024லிருந்து ஸ்ரீ விஜய புரம்

செல்வம் மாமா: சரிம்மா. பெயர்தான் மாறியது, தூரம் மாறவில்லை

கார்த்தி: அப்போ டிசம்பர்? லீவு இருக்கிறது

செல்வம் மாமா: அப்போதும் போகிறவர்கள் உண்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. தானே புயல் எங்கிருந்து வந்தது? தென்கிழக்கு வங்கக் கடலில் கிளம்பி 2011 டிசம்பர் 30 காலையில் நம் தலையில் இறங்கியது. பிப்ரவரி கடைசி, மார்ச் பார். வாடைக் காற்று தணிந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தேதி கேள். நீரோட்டம் வேகமாக ஓடும் நாளில்தான் பாறை மீன் பவளத்திட்டு ஓரத்துக்கு இரை தேடி வரும்

சுமதி சித்தி: பாறையா? எத்தனை கிலோ வரும்?

கார்த்தி: நம்ம ஊர்ப் பாறையின் பெரிய அண்ணன் சித்தி, ஜயண்ட் டிரெவலி என்பார்கள். உலக சாதனை 72.8 கிலோ, 2006ல் ஜப்பானில் பிடித்தது. எனக்கு 20 கிலோ கிடைத்தாலே போதும்

சுமதி சித்தி: ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டு வா. குழம்பு வைத்துத் தெருவுக்கே கொடுக்கலாம்

கார்த்தி: கொண்டு வர முடியாது. படம் எடுத்துவிட்டுக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்

சுமதி சித்தி: காசு கொடுத்துப் பிடித்து, திரும்ப விடுவதா? உங்க அப்பாவுக்குத் தெரியுமா இது?

பிரியா: பவளத்திட்டுப் பக்கம் வாழும் பெரிய மீனில் சிகுவாடாக்சின் என்று ஒரு நஞ்சு சேர்ந்திருக்கலாம் சித்தி. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. விடுவதே நல்லது

செல்வம் மாமா: விடுவதென்றால் ஒழுங்காக விடத் தெரிய வேண்டும். தூக்கி எறிந்தால் சுறாவுக்குத்தான் சாப்பாடு

கார்த்தி: தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடச் சொல்கிறார்கள், வாயைக் கிழிக்காமல் கழன்றுவிடுமாம்

செல்வம் மாமா: அது சரி. அப்புறம் வாலடியை ஒரு கையால் பிடி, இன்னொரு கை வயிற்றுக்குக் கீழே. தலை தண்ணீருக்குள், நீரோட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். செவுள் வழியாகத் தண்ணீர் ஓடினால்தான் மூச்சு திரும்பும். முதலில் துவண்டு கிடக்கும். வால் உன் கையை உதறும் பார், அப்போது விடு. அதற்கு முன்னால் விடாதே

செல்வம் மாமா: தூண்டில் நரம்பு என்ன போடுகிறாய்?

கார்த்தி: 80 பவுண்டு பின்னல் நரம்பு. முனையில் தடித்த தங்கூஸ் நரம்பு

செல்வம் மாமா: பின்னல் நரம்பைக் கையில் சுற்றவே சுற்றாதே. மீன் இழுத்தால் விரல் போய்விடும். ரீலில் பிரேக் இருக்கிறது அல்லவா, அது எதற்கு?

சுமதி சித்தி: மீன்தான் இல்லை, எனக்கு ஒரு பெரிய சங்காவது பொறுக்கிக்கொண்டு வா

பிரியா: பொறுக்கக் கூடாது சித்தி. பவளமும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. விமான நிலையத்தில் பையைத் திறந்தால் வம்பு

செல்வம் மாமா: கார்த்தி, படகுக்காரர் நம்பரைத் தனியாக அனுப்பு. இன்ஜின் ஒன்றா இரண்டா, வயர்லெஸ் இருக்கிறதா என்று நானே கேட்கிறேன். பதில் சரியாக இருந்தால் மார்ச்சில் நானும் வருகிறேன்

கார்த்தி: அனுப்பிவிட்டேன் மாமா. சித்தி, சூரை மீன் கிடைத்தால் மட்டும் படகிலேயே சமைக்க ஒன்று வைத்துக்கொள்ளலாமாம்

சுமதி சித்தி: அப்படியென்றால் எனக்கும் ஒரு டிக்கெட் போடு. மசாலா நான் அரைத்துக்கொண்டு வருகிறேன்