நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறப்ப கையில என்னென்ன இருக்கணும்? (சேலம், ஏற்காடு)

ஃபேர்லேண்ட்ஸ்வாசி
வணக்கங்க. வீட்டுல ஒன்றரை வயசு ஆண் லேப்ரடார், 28 கிலோ. தினமும் காலையில அழகாபுரம் பக்கம் முக்கால் மணி நேரம் நடை, எப்பவாவது ஞாயித்துக்கிழமை ஏற்காடு. கடையில கேட்டா ஒரு மூட்டை சாமான் எழுதிக் கொடுக்கறாங்க. இதுல எது நிஜமாவே வேணும், எது தண்டம்? தெருநாய்க்கு என்ன வழி? இப்போதைக்கு இரும்புச் செயின்தான் இருக்கு.

கோரிமேட்டுக்காரர்
பையை அப்புறம் பார்க்கலாம், முதல்ல கழுத்து பெல்ட்டையும் கொக்கியையும் பாருங்க. ரோட்டுல நாய் கைவிட்டுப் போறதே பெரும்பாலும் அங்கதான்.

இரும்புச் செயினை வீட்டோட நிறுத்திக்குங்க. 28 கிலோ நாய் ஒரு வெட்டு இழுத்தா உள்ளங்கை போயிடும், வெயில்ல சூடும் ஏறும். லீஷ், அதாவது கையில பிடிக்கற வார், ஒரு இஞ்ச் அகலத்துல நைலான் பட்டை, 5 அல்லது 6 அடி போதும். பட்டனை அமுக்கினா நீளுற சுருள் லீஷ் நம்ம தெருவுக்கு லாயக்கில்ல. டூ வீலர் குறுக்க வர்றப்ப 15 அடி தள்ளி நிக்கற நாயைச் சட்டுனு இழுக்க முடியாது, அந்த மெல்லிசு கயிறு விரலையும் அறுத்துடும்.

பெல்ட்டுக்குள்ள ரெண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல நுழைஞ்சா லூசு. நாய் முன்னால இழுக்கறப்ப பெல்ட் கழறாது. பயந்து, தலையைக் குனிஞ்சு பின்வாங்குதே, அப்பதான் காதைத் தாண்டி உருவிட்டு வரும். மாட்டினதும் நாய்க்கு முன்னாடி நின்னு லேசா உங்க பக்கம் இழுத்துப் பாருங்க. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி குறுகின தலை நாய்ங்களுக்குச் சாதா பெல்ட்டே வேண்டாம், இழுத்தா அளவா இறுகுற மார்ட்டிங்கேல் கேட்டு வாங்கணும்.

கொக்கியில துரு ஏறினா அதை மூடற நாக்கு பாதியிலயே நிக்கும், ஆனா பார்க்க மூடின மாதிரியே இருக்கும். வாரம் ஒருதரம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க. லீஷைக் கையில சுத்திக்கவே கூடாது. வளையத்தைக் கட்டைவிரல்ல மாட்டி, மீதியை மடிச்சு உள்ளங்கையில பிடிங்க. மத்ததெல்லாம் இடுப்புப் பையில போகட்டும், இன்னொரு கை எப்பவும் காலியா இருக்கணும்.

மூக்கனேரிக்கரை
அவர் சொன்னது சரி. பைக்கு என் கணக்கு: தண்ணி அரை லிட்டர், ஒரு சின்னக் கிண்ணம், மலம் அள்ள ரெண்டு கவர், ஒரு கைப்பிடி பிஸ்கட், ஒரு துண்டு சோப்பு, செல்போன். இருட்டுன்னா டார்ச்சும். மத்தது தண்டம்.

கவருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு லிட்டர் பால் கவரோட ஒரு ஓரத்தை முழுசா வெட்டி, கழுவிக் காய வச்சா கையுறை மாதிரி உள்ள கை போகும். அள்ளி, அப்படியே உள்பக்கத்தை வெளியே திருப்பி முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில போடலாம். கடைக்காரர் கொடுக்கற மெல்லிசு பை கிழியும், அதோட 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டுல அதுக்குத் தடையும் இருக்கு.

தண்ணியை மொத்தமா ஊத்தாதீங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டு மடக்கு. ஏரியிலயோ குட்டையிலயோ வாய் வைக்க விடாதீங்க, எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணியில எலிக்காய்ச்சல் வரும்.

சேலம் வெயில்தான் பெரிய பிரச்சினை. ஏப்ரல், மே-ல காலை ஏழரைக்குள்ள வீடு திரும்பிடுங்க. சாயந்திரம் கிளம்பறதுக்கு முன்னாடி புறங்கையைத் தார் ரோட்டுல 7 விநாடி வையுங்க. உங்களால முடியலைன்னா அதோட பாதத்தாலயும் முடியாது. காத்து ஆறினாலும் தார் ஆறாது. ஈறு செங்கல் நிறமா மாறி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினா வெப்பத்தாக்கு. நிழல்ல படுக்க வச்சு, வயிறு, தொடை இடுக்குல சாதாத் தண்ணி ஊத்தி விசிறணும். ஈரத்துணியைப் போர்த்தாதீங்க, சூடு உள்ளயே நிக்கும். உடம்பைக் குளிர வச்சுட்டு அப்புறம் வண்டியில ஏத்துங்க.

அடிவாரம்_2
தெருநாய் விஷயம். ஓடாதீங்க, கண்ணைப் பார்த்து முறைக்கவும் வேண்டாம். உங்க நாயைப் பின்னாடி தள்ளிட்டு, பிஸ்கட்டை அதுங்க பக்கமா தூர வீசிட்டு, வந்த வழியே மெதுவா நகருங்க. குனிஞ்சு கல்லெடுக்கற மாதிரி காட்டினாலே பாதி ஒதுங்கும். நிஜமா எறிஞ்சா மறுநாள் அதே முக்குல உங்களுக்காகக் காத்திருக்கும். குச்சியை விடக் குடை நல்லது, சட்டுனு விரிச்சா நடுவுல ஒரு சுவர்.

சோப்பு எதுக்குன்னு கேட்கறவங்களுக்கு: கடிச்சா, கீறினா காயத்தை உடனே ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்னைக்கே ஆஸ்பத்திரி. உங்க நாயைக் கடிச்சிருந்தா, ஊசி போட்ட நாயா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டணும். ஊசி புத்தகத்தைப் போட்டோ எடுத்துப் போன்ல வச்சுக்குங்க.

ஏற்காட்டுக்கு: மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. ஏறுறதுக்கு மூணு நாலு மணி நேரத்துக்கு முன்னாடியே நாயோட சாப்பாட்டை முடிச்சுடுங்க, இல்லைன்னா வாந்தியில சீட்டு நாறும். குரங்கு நிக்கற இடத்துல கண்ணாடியை ஏத்திடுங்க, கதவைத் திறக்காதீங்க. காபித் தோட்டத்துக்குள்ள லீஷை அவிழ்க்கவே வேண்டாம். காட்டெருமை இருக்கற மலை அது. நாய் குரைச்சுட்டுக் கிட்டப் போயி, காட்டெருமை துரத்தினா நாய் உங்க காலடிக்குத்தான் திரும்பி ஓடி வரும். கீழ விழுந்த காபிப் பழத்தைத் தின்ன விடாதீங்க, காஃபின் நாய்க்கு விஷம்.

கிளம்பறதுக்கு முன்னாடி உண்ணி பாருங்க: காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள், பெல்ட்டுக்கு அடியில. சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு, திருகாம நேரா இழுக்கணும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம்.

ஃபேர்லேண்ட்ஸ்வாசி
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வாய்க்கூடு போடணுமா?

மூக்கனேரிக்கரை
கடிக்கற சுபாவம் இல்லைன்னா தேவையில்லைங்க. போட்டாலும் கூடை மாதிரி இருக்கறதுதான், உள்ளயே வாயைத் திறந்து மூச்சு வாங்கணும், தண்ணி குடிக்கணும். வாயை இறுக்கிக் கட்டுற துணி மாடல் டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் ஊசி போடறப்ப சரி. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் நாய் உடம்புச் சூட்டை இறக்கும், அதனால அந்தத் துணிக்கட்டோட ரோட்டுல நடக்க விடாதீங்க.