வீட்டுக்கு வரும் அட்டெண்டர்கள் சம்பள உயர்வு கேட்டால் யார் கொடுப்பது?

மாம்பலம்வாசி:
எங்கள் பகுதியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் அட்டெண்டர் பெண்கள் சேர்ந்து ஒரு கோரிக்கைத் தாள் அடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். சம்பள உயர்வு, வாரம் ஒரு நாள் லீவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எனக்கு அவர்கள் மேல் வருத்தம் இல்லை. ஆனால் நானே ரிட்டயர் ஆனவன். படுக்கையில் இருக்கும் அப்பாவுக்காக ஏஜென்சிக்கு மாதம் 27,000 கட்டுகிறேன். டயபர், மருந்து எல்லாம் தனி. நான் என்ன மில் முதலாளியா? மில்லில் வேலைநிறுத்தம் என்றால் மெஷின் நிற்கும். இங்கே நின்றால் அப்பாவை யார் புரட்டிப் படுக்க வைப்பது?

செவ்வந்தி:
சார், நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். நீங்கள் கட்டும் அதே 27,000 ஷிஃப்டுக்கு என் கைக்கு வருவது 15,000. அதுவும் முப்பது நாளும் வந்தால்தான். காலை எட்டு மணிக்கு வந்தால் ராத்திரி எட்டு மணி. மாற்று ஆள் வராவிட்டால் அங்கேயே பாயை விரிக்க வேண்டியதுதான். மூக்கில் டியூப் போட்டவருக்குக் கஞ்சியை வடிகட்டி, சூடு பார்த்து, தலைப்பக்கம் உயர்த்தி மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டால் புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். படுக்கைப் புண் வராமல் இருக்க ரெண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும். எழுபது கிலோ ஆளைத் தனியாகப் புரட்டிப் புரட்டி எனக்கே முதுகு போய்விட்டது. அதற்கு நான் காட்டும் ஆஸ்பத்திரிச் செலவு என் கைக்காசு.

வேலைக்குச் சேரும்போது பத்தாவது சர்டிபிகேட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விலகுகிறேன் என்றால் அதைத் திருப்பி வாங்கவே நாலு தடவை நடக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ஏஜென்சி 12,000-ஐ அப்படியே விழுங்குகிறது என்று சொல்வது சுலபம். போலீஸ் வெரிஃபிகேஷன், பயிற்சி, ஆபீஸ் வாடகை, ஆள் லீவு போட்டால் பதில் ஆள் எல்லாம் அதில்தான். இன்னொன்று, சட்டப்படி பார்த்தாலும் குறை இல்லை. 2018-இல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது வீட்டு நர்சுக்கு மணிக்கு 39 ரூபாய். பன்னிரண்டு மணி நேரம், முப்பது நாள், பெருக்கிப் பாருங்கள்: 14,040. செவ்வந்தி அம்மா அதற்கு மேலேயே வாங்குகிறார்.

செவ்வந்தி:
ஃபாக்டரியில் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தருகிறார்களே, அந்தக் கணக்கைப் போடுங்கள். முதல் எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 39, மிச்சம் நாலு மணி நேரத்துக்கு மணிக்கு 78. ஒரு நாளைக்கு 624, மாதம் 18,720. அதுவும் 2018 விலைவாசிக்கு. அன்றைக்கு சிலிண்டர் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை?

கணக்குப்பிள்ளை:
சரி. ஆனால் 2007-லிருந்து வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறதே, அதில் பதிந்துகொண்டால் போதாதா? தனியாகச் சங்கம் எதற்கு?

செவ்வந்தி:
பதிந்திருக்கிறேன் சார். பையன் படிப்புக்கு உதவித்தொகை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வாரியம் யாரிடமும் போய் எனக்குச் சம்பளம் பேசித் தராது.

ஃப்ரீமாண்ட் குமரன்:
‘முதலாளி யார்’ என்கிற இதே கேள்வியில்தான் கலிஃபோர்னியாவிலும் பல வருஷம் ஓடியது. அங்கே வசதியில்லாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பராமரிப்புக் கொடுக்க அரசுத் திட்டம் உண்டு. என் அத்தையைப் பார்த்துக்கொள்வது அவர் மகள், அந்த மகளுக்கே அதில் சம்பளம் வருகிறது. 1980-களில் லாஸ் ஏஞ்சலஸில் இந்தத் தொழிலாளர்கள் சங்கம் சேர்க்கப் போனபோது, ‘நாங்கள் முதலாளி இல்லை’ என்று கவுண்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) கையை விரித்தது. கோர்ட்டும் அதையே சொன்னது. பிறகு 1992-இல் சட்டம் கொண்டுவந்து, பேச்சுவார்த்தைக்கு மட்டும் முதலாளி இடத்தில் உட்கார ஒரு பொது அமைப்பை உருவாக்க வழி செய்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அது 1997-இல் வந்தது. 1999-இல் நடந்த வாக்கெடுப்பில் ஜெயித்து 74,000 பேர் சங்கத்துக்குள் வந்தார்கள்.

மாம்பலம் சாருக்குப் பிடிக்கக்கூடிய விஷயம் ஒன்று: ஆளை வைப்பதும் நிறுத்துவதும் அந்தந்த நோயாளி கையிலேயே இருந்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் இதைக் கறாராகக் கேட்டு வாங்கின.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அங்கே பணம் அரசுடையது. இங்கே மாம்பலம் சாருடைய பென்ஷன். ரெண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அப்புறம், அமெரிக்கக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். செவ்வந்தி அம்மா மாதிரியே வீட்டுப் பராமரிப்பு வேலை பார்த்த ஈவ்லின் கோக் என்ற அம்மா ஓவர்டைம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2007-இல் தோற்றார். ஏஜென்சி ஆட்களுக்கு ஓவர்டைம் கிடைக்கச் செய்த விதி 2015-இல்தான் அமலுக்கு வந்தது. அதையும் விலக்கிக்கொள்ளலாம் என்று 2025-இல் அவர்கள் தொழிலாளர் துறையே முன்வரைவு போட்டது.

ஃப்ரீமாண்ட் குமரன்:
மறுக்கவில்லை அண்ணே. கோக் அம்மா தோற்ற பிறகுதான் விதியையே மாற்ற வைத்தார்கள். அதற்கு எட்டு வருஷம் ஆனது.

வக்கீல் வாசுகி:
சட்டப் பக்கம் கொஞ்சம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் ‘தொழில்’ என்பதிலிருந்து வீட்டு வேலையை வெளிப்படையாக விலக்கியிருக்கிறார்கள். ஆகவே மாம்பலம்வாசியைத் தொழில் தீர்ப்பாயத்துக்கு இழுப்பார்கள் என்ற பயம் தேவையில்லை. ஆனால் ஏஜென்சி? அது வீட்டு வேலை செய்யவில்லை, ஆள் அனுப்பி வியாபாரம் செய்கிறது. அதை முதலாளி என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப்.

15,000 சம்பளத்துக்கு நிர்வாகத்தின் பங்கு பி.எஃப்.புக்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், கிட்டத்தட்ட 488. இரண்டும் சேர்த்து 2,300-க்குள். 12,000 கமிஷனில் இதற்கு இடமில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை. அதனால்தான் ‘அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, ஆள் ஏற்பாடு செய்து தருகிறோம், அவ்வளவுதான்’ என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் எழுதி வைக்கிறார்கள். ஊழியர் இல்லையென்றால் சர்டிபிகேட்டை எந்த உரிமையில் பிடித்து வைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மாம்பலம்வாசி:
அந்த 2,300-ஐயும் அடுத்த மாத பில்லில் என் தலையில்தானே கட்டுவார்கள்? அம்மா, நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் என்னால் 30,000-க்கு மேல் போக முடியாது. போனால் அட்டெண்டரை நிறுத்திவிட்டு நானும் மனைவியுமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவளுக்கே மூட்டுவலி.

செவ்வந்தி:
தாளைப் புரட்டிப் பாருங்கள் சார், பின்பக்கமும் இருக்கிறது. நீங்கள் கட்டும் பில்லில் எங்கள் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று தனித்தனியாகப் போடச் சொல்லி ஏஜென்சியைக் கேட்டிருக்கிறோம். நீங்களும் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கோரிக்கைக்கு பலம்.

மாம்பலம்வாசி:
கையெழுத்து போடுகிறேன். பில்லை நானும் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு மட்டும் என் ஆதரவு கிடையாது.

கணக்குப்பிள்ளை:
பில்லைப் பிரித்துக் காட்டச் சொன்னால் ஏஜென்சிகள் ‘பயிற்சிக் கட்டணம்’, ‘மேற்பார்வைக் கட்டணம்’ என்று இன்னும் நாலு வரி சேர்ப்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி:
சேர்க்கட்டும் சார். மேற்பார்வைக்கு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை, அதையும் அந்த வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். வேலைநிறுத்தம் என்று தாளில் எங்கேயும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் ஆள் அனுப்புங்கள் என்றுதான் எழுதியிருக்கிறோம்.